வேல்ஸ் பேரவையில் ஒரு புதன்கிழமை: பார்வையாளர் மாடத்துக்கு என் மதிப்பெண்

முதல் தடவை நான் வியாழக்கிழமை போய் நின்றேன். தப்பு என்னுடையதுதான். வேல்ஸ் பேரவையின், அதாவது வேல்ஸ் நாடாளுமன்றத்தின், முழு அமர்வு வாரத்தில் இரண்டே நாள், செவ்வாயும் புதனும், மதியம் ஒன்றரை மணிக்குத் தொடங்கும். மற்ற நாளில் போனால் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கலாம், மரக்கூரையை அண்ணாந்து பார்க்கலாம், மாடியில் டீ குடிக்கலாம். நான் பார்க்கப் போனது கூரையை அல்ல, ஆளை. மூன்று நைட் டியூட்டி முடித்துக் கிடைத்த ஒரு லீவு நாள், கார்டிஃப் விரிகுடாக் காற்றில் முடி பறக்க நின்றதோடு போயிற்று. இந்த மதிப்புரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, செவ்வாய், புதன் என்பதை மறக்காதீர்கள்.

நான் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் நர்ஸ். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். 2019இல் இங்கே வந்தேன், வீடு ஹீத் பகுதியில். கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆனாலும் காமன்வெல்த் நாட்டுக்காரி என்பதால் எனக்கு இங்கே ஓட்டு உண்டு. இது தெரியாமலே வருஷக்கணக்காக வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்காமல் இருக்கும் நம்மவர்கள் ஏராளம். நானே வார்டில் ஒரு மலையாளி அக்கா சொல்லித்தான் சேர்த்தேன். 2021 மே தேர்தலில் முதல் ஓட்டு. தொகுதி கார்டிஃப் வடக்கு. அங்கே 2011இலிருந்து 2026 வரை உறுப்பினர் லேபர் கட்சியின் ஜூலி மோர்கன்.

அந்தம்மா பேசுவதைக் கேட்க எனக்கு மூன்று வழிகள் கிடைத்தன. ஒன்று, பார்வையாளர் மாடம். இரண்டு, செனெத் டிவி என்ற நேரலை. மூன்று, கோவ்நோட் என்று வெல்ஷில் சொல்லப்படும் எழுத்துப் பதிவு. மூன்றுக்கும் கட்டணம் இல்லை. இலவசம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலீஷ்காரர்கள் பலர் இந்தப் பேரவையின் பெயரை ‘செனெட்’ என்று சொல்லி மாட்டிக்கொள்வார்கள். வெல்ஷில் அது செனெத். கடைசி எழுத்து ‘அது’, ‘இது’ என்பதில் நாம் சொல்கிற அதே மெத்தென்ற த. நமக்கு நாக்கு தானாக அங்கே போய்விடுகிறது. வேல்ஸில் வெள்ளைக்காரர்களைவிட நான் சரியாகச் சொல்லும் சில சொற்களில் இது ஒன்று. அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்தச் சேவையை நான் பயன்படுத்த ஆரம்பித்ததற்குக் காரணம் அரசியல் ஆர்வம் கிடையாது. 2022 மார்ச் 21, திங்கட்கிழமை. அன்றிலிருந்து வேல்ஸில் பிள்ளைகளை எந்த விதத்திலும் அடித்துத் தண்டிப்பது சட்டவிரோதம். அதுவரை ‘நியாயமான தண்டனை’ என்று ஒரு சட்டப் பாதுகாப்பு பெற்றோருக்கு இருந்தது. அதன் வேர் 1860ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் இருக்கிறது, விக்டோரியா ராணி காலத்துச் சமாச்சாரம். இங்கிலாந்தில் அந்தப் பாதுகாப்பை எடுக்கவில்லை. வேல்ஸில் எடுத்துவிட்டார்கள். செவர்ன் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறு சட்டம்.

அப்போது என் மூத்தவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. நான் அடிக்கிற அம்மா இல்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்து, சுவரில் கிரேயானால் கோடு போட்டிருப்பதைப் பார்க்கும்போது கை கொஞ்சம் முன்னால் போய்விடும். ஊருக்கு வாட்ஸ்அப்பில் பேசும்போது அம்மாவிடம் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

“என்ன மக்ளே, பெத்த பிள்ளைய ஒரு அடி அடிச்சா போலீஸ் வருமா?”

“வரலாம்மா.”

“அடி ஒதவுற மாதிரி அண்ணன் தம்பி ஒதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? வேதத்துலயே பிரம்பு இருக்கு. யாரு இந்தச் சட்டத்தப் போட்டது?”

“எங்க தொகுதி அம்மாதான். மந்திரியா இருக்காங்க.”

“அவளுக்குப் பிள்ளை குட்டி உண்டா?”

“பேரன் பேத்தியே உண்டு.”

“அப்போ பேரப்பிள்ளைய இன்னும் சரியாப் பாக்கல.”

அன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, அந்தப் பேத்தி உள்ள அம்மா என்னதான் பேசியிருக்கிறார் என்று தேடப் போய்த்தான் கோவ்நோடுக்குள் விழுந்தேன். விழுந்தேன் என்றே சொல்ல வேண்டும், மணி இரண்டு ஆகிவிட்டது.

எழுத்துப் பதிவின் அமைப்பு எளிது. யார், எத்தனை மணிக்கு, என்ன பேசினார் என்று வரிசையாக ஓடும். வெல்ஷில் பேசியதற்குப் பக்கத்திலேயே ஆங்கில மொழிபெயர்ப்பு. பேச்சு மட்டுமல்ல, இடையில் எழுந்து குறுக்கே கேட்ட கேள்வி, அதற்கு இடம் கொடுத்தாரா மறுத்தாரா என்பது வரை இருக்கும். ஜூலி மோர்கன் இந்த மசோதாவைத் துணை அமைச்சராக 2019 மார்ச்சில் அறிமுகம் செய்தார். 2020 ஜனவரி 28 அன்று 36க்கு 14 என்று நிறைவேறியது. இடையில் இருக்கும் பத்து மாதங்கள்தான் படிக்க வேண்டியவை.

கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜேனட் ஃபின்ச்-சாண்டர்ஸ் எதிர்த்துப் பேசியதை முதலில் படித்தேன். அன்பான பெற்றோரைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள், குடும்பத்துக்குள் அரசு ஏன் நுழைகிறது என்பது அவர் வாதம். பிரம்பு ஒன்றுதான் பாக்கி, மற்றபடி எங்கள் அம்மா பேசுவது போலவே இருந்தது. படிக்கும்போது எனக்கும் ‘சரிதானே’ என்று தோன்றியது, மறைக்க மாட்டேன். பிறகு மோர்கனின் பதில்களைப் படித்தேன். பெரியவரை அடித்தால் குற்றம், அவரைவிடச் சின்னதாக, திருப்பி அடிக்க முடியாததாக இருக்கும் பிள்ளைக்கு மட்டும் ஏன் குறைந்த பாதுகாப்பு என்பதுதான் அவருடைய அடிப்படை. பெற்றோரைக் கோர்ட்டுக்கு இழுப்பது நோக்கமில்லை, பிள்ளை வளர்ப்பில் உதவி கொடுப்போம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். இருபது பேர் இருபது விதமாகக் கேட்டாலும் அதே பதில், அதே தொனி. அரசியலுக்கு வருமுன் சமூகப் பணியாளராக இருந்தவர். அது பேச்சில் தெரிகிறது. அடுக்குமொழி கிடையாது, கைதட்டலுக்கு நிறுத்துவது கிடையாது. எங்கள் வார்டின் பழைய சிஸ்டர் ஒருவர் புது நர்ஸுக்கு ட்ரிப் போடச் சொல்லிக்கொடுப்பது போல.

சுவாரசியம் என்ற கணக்கில் பார்த்தால் இந்தப் பேச்சுக்கு நான் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். ஆனால் கையை ஓங்கும்போது ஞாபகத்துக்கு வருகிறதா என்று பார்த்தால், வருகிறது. அதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று தெரியவில்லை.

கோவ்நோடில் ஒரே ஆளின் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் இன்னொரு விஷயம் தெரியும்: இவர் தோற்ற காரியங்களின் பட்டியல். சில பக்கங்களுக்கு லண்டன் நாடாளுமன்றத்தின் எழுத்துப் பதிவான ஹான்சார்டுக்கும் போக வேண்டியிருக்கும். ஏனென்றால் 1997 முதல் 2010 வரை இவர் அங்கே கார்டிஃப் வடக்கின் எம்.பி. ஓட்டு வயதை 16 ஆக்க வேண்டும் என்று 2008இல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், நேரம் முடிந்து அது செத்துப்போனது. அடுத்து, தோலைக் கறுக்க வைக்கும் சன்பெட் மெஷின்களைப் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தடுக்க ஒரு மசோதா. (நம்மூரில் வெளுக்க கிரீம், இவர்களுக்குக் கறுக்க மெஷின். தோல் புற்றுநோய் வார்டில் நின்று பார்த்தால் இரண்டுமே சிரிப்பாக இருக்காது.) அது 2010 ஏப்ரலில் சட்டமானது. சரியாக அடுத்த மாதம் வந்த தேர்தலில் 194 ஓட்டில் தோற்றார். சட்டம் ஜெயித்தது, கொண்டுவந்தவர் தோற்றுவிட்டார். அடுத்த வருஷமே கார்டிஃபுக்கு, இந்தப் பேரவைக்கு வந்துவிட்டார். 2008இல் செத்துப்போன அந்த 16 வயது ஓட்டு, வேல்ஸுக்கு மட்டும், 2021 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. நான் முதல் ஓட்டுப் போட்ட அதே தேர்தலில் பக்கத்து வீட்டு ஸ்கூல் பெண்ணும் முதல் ஓட்டுப் போட்டாள். எனக்கு முப்பத்துநாலு, அவளுக்குப் பதினாறு.

நர்ஸ் என்ற முறையில் என்னை உட்கார வைத்தது அசுத்த ரத்த விவகாரம். 1970களிலும் 80களிலும் ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களுக்குக் கொடுத்த மருந்திலும், ஏற்றிய ரத்தத்திலும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி கிருமிகள் இருந்தன. பிரிட்டன் முழுக்க முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று, ஏறக்குறைய மூவாயிரம் சாவு. அதிகாரப்பூர்வ விசாரணை அறிக்கை வந்தது 2024 மே 20 அன்றுதான். அதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே மோர்கன் இதைப் பேசிக்கொண்டிருக்கிறார். பாதிக்கப்பட்டவர்களுக்கான அனைத்துக் கட்சிக் குழுவை நடத்தியிருக்கிறார், பொது விசாரணை வேண்டும் என்று அவையில் கேட்டிருக்கிறார். வார்டில் ஒரு பை ரத்தம் ஏற்றுமுன் நாங்கள் செய்வது இது: நோயாளியையே பெயரும் பிறந்த தேதியும் சொல்லச் சொல்வோம், கைப்பட்டையைப் பார்ப்போம், பையில் உள்ள எண்ணையும் சீட்டில் உள்ள எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படிப்போம், ரத்த வகை, காலாவதித் தேதி, பையில் கசிவு உண்டா, நிறம் மாறியிருக்கிறதா. பொழுது விடியும் நேரத்தில் இது எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த விவாதங்களைப் படித்த பிறகு நான் இலக்கங்களை வேகமாகப் படிப்பதில்லை.

இன்னொரு தகவல், நர்ஸ்களுக்கு மட்டும். வார்டில் போதுமான நர்ஸ் இருக்க வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டுச் சட்டம் இதே பேரவையில்தான் பிறந்தது. ஐரோப்பாவிலேயே இந்த வகையில் முதல் சட்டம் அது. கொண்டுவந்தது அமைச்சர் அல்ல. அப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருந்த கர்ஸ்டி வில்லியம்ஸ், தனி உறுப்பினர் மசோதாவாக. சட்டம் இருக்கிறது, நர்ஸ் எங்கே என்று கேட்டால் அது வேறு மதிப்புரை.

சரி, மாடத்துக்கு வருவோம்.

2024 அக்டோபரில் அம்மா ஆறு மாத விசாவில் இங்கே வந்திருந்தார். அக்டோபர் 23, புதன்கிழமை, ஜூலி மோர்கன் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார் என்று பார்த்தேன். அப்போது அவர் அமைச்சர் இல்லை, சாதாரண உறுப்பினர். தீராத உடல் நோயில் தாங்க முடியாத வேதனைப்படுகிற, தெளிந்த மனமுள்ள பெரியவர்கள் விரும்பினால், உயிரை முடித்துக்கொள்ள மருத்துவ உதவி பெற அனுமதிக்கும் சட்டம் வேண்டும் என்ற கொள்கையைப் பேரவை ஆதரிக்க வேண்டும் என்பது அது. லண்டனில் கிம் லெட்பீட்டர் என்ற எம்.பி. இதற்கான மசோதாவை அந்த மாதம்தான் அறிமுகம் செய்திருந்தார். குற்றவியல் சட்டம் லண்டன் கையில், ஆஸ்பத்திரிகள் கார்டிஃப் கையில். ஆகவே இங்கே போடுகிற ஓட்டு எதையும் உடனே மாற்றாது, ஆனால் சும்மா விடவும் முடியாது.

அம்மாவை வீட்டில் தனியாக விட மனமில்லை. “ஒரு கூட்டத்துக்குப் போறோம், வாங்க” என்று கூட்டிப்போனேன். என்ன கூட்டம் என்று ரயிலில் சொன்னேன். ஹீத்திலிருந்து குயின் ஸ்ட்ரீட், அங்கே மாறி விரிகுடாவுக்குப் போகும் குட்டி ரயில். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அப்பா 2016இல் குடல் புற்றுநோயில் போனார். திருவனந்தபுரத்தில் வைத்தியம், கடைசி மூன்று வாரம் வீட்டில். மார்ஃபின் மாத்திரையை நேரம் பார்த்துக் கொடுத்தது அம்மாதான். நான் அப்போது துபாயில் இருந்தேன்.

கட்டடம் நன்றாக இருக்கிறது. ரிச்சர்ட் ரோஜர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு, 2006 மார்ச் 1, வேல்ஸின் புனித டேவிட் நாளன்று எலிசபெத் ராணி திறந்து வைத்தது. முன்புறம் முழுக்கக் கண்ணாடி, தரை வேல்ஸ் ஸ்லேட் கல், தலைக்கு மேல் அலை அலையாக மரம். நடுவில் ஒரு பெரிய மரப் புனல் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. அதன் அடியில்தான் அவை கூடும் மன்றம். வாசலில் ஏர்போர்ட் மாதிரி பையை ஸ்கேன் செய்வார்கள். அம்மாவின் பையில் ஒரு ஸ்டீல் சம்படத்தில் அச்சு முறுக்கு இருந்தது. காவலர் மூடியைத் திறந்து பார்த்து, பூப்போல இருக்கிறதே என்று சிரித்தார். அம்மா ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் டியூட்டியில் இருப்பதாகச் சொல்லிக் கும்பிட்டார்.

மாடத்தில் நமக்கும் உறுப்பினர்களுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. நாம் மேலே, அவர்கள் கீழே வட்டமாக. ஒவ்வொருவர் முன்னாலும் கம்ப்யூட்டர், ஓரிருவர் வீட்டிலிருந்தே திரையில் வருகிறார்கள். காதில் மாட்டிக்கொள்ளக் கருவி உண்டு. ஒருவர் வெல்ஷில் பேசினால் அதே நொடியில் ஆங்கிலம் ஓடும். மொழிபெயர்ப்பாளர்கள் அசகாய சூரர்கள். பேசுகிறவர் தடுமாறினால் இவர்கள் குரலும் அதே இடத்தில் தயங்குகிறது. அம்மாவுக்கு இரண்டு மொழியும் ஒன்றுதான். கொஞ்ச நேரம் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அவங்க வாயாலயே கேக்கது நல்லா இருக்கு.”

பிறகு காதோடு காதாக, “யாருமே மேசையத் தட்டலையே மக்ளே?” என்றார். சிறிது நேரம் கழித்து, “வெளிநடப்பு எப்போ?”

மோர்கன் எழுந்தபோது, “இந்தம்மாதான் தீர்மானம் கொண்டுவந்தவங்க” என்று காட்டினேன். எண்பதைத் தொடப்போகும் வயது. எழுத்துப் பதிவில் படித்து நான் கற்பனை செய்திருந்த அதே தொனி. ஒரு வேகத்தில், மேலும் போகாமல் கீழும் இறங்காமல். அம்மாவுக்கு நான் துண்டு துண்டாக மொழிபெயர்த்தேன். அம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தக் கட்சிக்கும் கொறடா உத்தரவு இல்லை, அவரவர் மனசாட்சிப்படி ஓட்டு. அன்றைய விவாதத்தின் தரத்துக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மற்ற நாட்களில் செனெத் டிவியில் பார்த்தால் அமைச்சர் எழுதி வைத்ததைப் படிப்பார், எதிர்க்கட்சியும் எழுதி வைத்ததைப் பார்த்தே திட்டும். அன்று ஒரே கட்சியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள் எதிரும் புதிருமாகப் பேசினார்கள். ப்ளைட் கம்ரி கட்சியின் டெலித் ஜுவல் எதிர்த்துப் பேசியது என்னால் மறக்க முடியாதது. இது எப்படித் தொடங்கும் என்பதைவிட எங்கே போய் முடியும் என்பதுதான் தன்னை நடுங்க வைக்கிறது என்றார். அதை அம்மாவுக்குச் சொன்னேன்.

“அவ சொல்லுறதும் சரிதான்” என்றார். ஐந்து நிமிஷம் கழித்து, நான் கேட்காமலே, “ஆனா உங்கப்பா கடைசி வாரம் என்னப் பாத்த பார்வை இருக்கே மக்ளே...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் மறுபடி கண்ணாடிக்குள் பார்க்கத் தொடங்கிவிட்டார். எட்டு வருஷத்தில் அந்த வாரத்தைப் பற்றி என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான்.

இந்த இடத்தில் சேவையின் பெரிய குறையைச் சொல்ல வேண்டும். விவாதம் முடிந்ததும் ஓட்டு நடக்காது. அன்றைய ஓட்டுகள் எல்லாம் நாளின் கடைசியில், மொத்தமாக. நடுவில் வேறு விவாதங்கள் போகும். உறுப்பினர்களுக்கு வசதிதான். சூடாக இருக்கும் மனதோடு மாடத்தில் இருப்பவருக்கு, பிரியாணிக்கும் தயிர்ப்பச்சடிக்கும் நடுவே இரண்டு மணி நேரம் காக்க வைப்பது போல. நாங்கள் மாடிக்குப் போய் டீ வாங்கி, அச்சு முறுக்கைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். கீழே ஸ்லேட் தரையில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வரிசையாகப் போனது.

“அந்தம்மாவோட வீட்டுக்காரர் ரோட்ரி மோர்கன், முன்னாடி இங்க முதல் மந்திரி” என்றேன். “ஒம்போது வருஷம் இருந்தார். 2017ல இறந்தப்போ இறுதிச் சடங்கு இந்தக் கட்டடத்துலதான். பாதிரியார் யாரும் இல்லாம, முன்னாள் உறுப்பினர் ஒருத்தர் நடத்தி வச்சாங்க.”

“ஜெபம் கூட பண்ணலையா?”

“இல்லம்மா. அவருக்கு அப்படித்தான் இஷ்டம்.”

அம்மா கூரையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். “இதும் கோயில் மாதிரிதான் கெடக்கு” என்றார்.

ஓட்டு நேரம். மூன்று உறுப்பினர்கள் கேட்டால் மணி அடித்து எல்லாரையும் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் நேரே ஓட்டு. பட்டனை அழுத்துவதுதான், கை தூக்குவது கிடையாது. அவைத்தலைவர் இருக்கையிலிருந்து எண்களை வாசித்தார்கள். ஆதரவு 19, நடுநிலை 9, எதிர்ப்பு 26. தீர்மானம் ஏற்கப்படவில்லை. அப்போதைய முதல் மந்திரி எலினெட் மோர்கனும் சுகாதார அமைச்சர் ஜெரமி மைல்ஸும் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் உண்டு. அந்த வாசிப்புக்கு ஆன நேரம் பத்து நொடி இருக்கலாம். உடனே அடுத்த தீர்மானத்தின் எண்கள். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் கைதட்டவில்லை. இதை எழுத்துப் பதிவில் எத்தனை தடவை படித்தாலும் அந்த அமைதி வராது. மாடத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் முழுக்க அதற்குத்தான்: ஐந்துக்கு நாலு. ஓட்டுக்குக் காக்க வைப்பதற்காக ஒன்று குறைத்தேன். கோவ்நோடுக்கு ஐந்துக்கு ஐந்து. செனெத் டிவிக்கு மூன்றரை. குறை அதில் இல்லை, சோறு வடிக்கும்போது போட்டுவிட்டுக் கேட்டால் வீட்டுவசதி மசோதாவும் கஞ்சித்தண்ணியும் ஒன்றாகிவிடுகின்றன.

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் சொன்னது பழைய மன்றத்தின் அமைப்பு. அறுபது பேராக இருந்த பேரவை 2026 மே தேர்தலிலிருந்து 96 பேர். அவர்களுக்கு நாற்காலி போடுவதற்காக 2025 ஏப்ரலில் மன்றத்தை மூடி வேலை தொடங்கினார்கள், அமர்வுகள் ஒட்டினாற்போல் இருக்கும் டீ ஹவெல் கட்டடத்துக்குப் போயின. (வெல்ஷில் ‘டீ’ என்றால் வீடு. குடிக்கத் தரமாட்டார்கள்.) தொகுதி முறையும் வேறு. முன்பு எனக்குத் தொகுதிக்கு ஒருவர், மண்டலத்துக்கு நால்வர். புது முறையில் பதினாறு தொகுதி, ஒவ்வொன்றுக்கும் ஆறு பேர். ஜூலி மோர்கன் அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. ஆறு பேரில் யார் பின்னால் இரவு இரண்டு மணி வரை போவது என்று நான் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

திரும்பும் ரயிலில் கூட்டம். அம்மாவுக்கு மட்டும் இடம் கிடைத்தது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னவளுக்கு இரவுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன் மக்ளே, பிள்ளையள அடிக்கக் கூடாதுன்னு ஒருத்தி சட்டம் போட்டாளே, அவளும் அங்கதான் இருப்பாளா?”

“அவங்கதாம்மா இவங்க.”

“எவங்க?”

“ஜூலி மோர்கன். இன்னிக்குத் தீர்மானம் கொண்டுவந்தாங்களே, அதே அம்மா.”

அம்மா சம்படத்தைப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தார். குயின் ஸ்ட்ரீட் வந்துவிட்டது.

“நேரத்தோட சொல்லியிருந்தா ஒருக்கா நல்லாப் பாத்திருப்பேனே” என்றார்.